எழுத்துக்கு முன்னரே தொடங்க வேண்டிய ஸ்பொன்சர் அலுவல்: யாழ்ப்பாணத்திலிருந்து துணையிடம் போகக் காத்திருப்போருக்கு

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுச் சம்பந்தம் ஒன்று பேசி முடிந்ததும் மண்டபம், ஐயர், கூறை, நகை, சமையல் என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்துவிடுகிறோம். துணையை அங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் மட்டும் "கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்று ஒதுங்கி நிற்கும். மறுக்கப்பட்ட விண்ணப்பக் கோவைகளையும் வருடக்கணக்கில் இழுபடும் கோவைகளையும் புரட்டிப் பார்த்தால், பிழை விண்ணப்பம் நிரப்பிய நாளில் நடந்திருப்பது குறைவு. எழுத்து (திருமணப் பதிவு) வைத்த திகதியிலோ, பதிவாளர் எழுதிய பெயரிலோ, மாப்பிள்ளை அங்கே எப்போதோ கையெழுத்துப் போட்ட படிவத்திலோ அது இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி திருமணத்துக்கு நாலைந்து மாதம் முன்பிருந்தே தொடங்குகிறது.

மாப்பிள்ளை வெளிநாட்டிலும் பெண் ஊரிலும் இருப்பதாக வைத்து எழுதியிருக்கிறோம். பெண் அங்கே, மாப்பிள்ளை இங்கே என்றாலும் விதிகள் அவையே. கட்டணமும் வருமான எல்லையும் அடிக்கடி மாறுபவை. காசு கட்டும் அன்று அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தில் ஒருதரம் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அவர் அங்கே என்ன நிலையில் இருக்கிறார்?

"கனடாவிலை இருக்கிறார்" என்பது போதிய பதில் அல்ல. குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா, அகதி அந்தஸ்தா, வேலை அனுமதியா, மாணவ விசாவா, இன்னும் முடிவாகாத அகதிக் கோரிக்கையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. சிலவற்றுக்கு இப்போதைக்கு வழியே இல்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். சாதகக் குறிப்பைக் கேட்டு வாங்குகிற வீடு வதிவிட அட்டையின் பிரதியையும் கேட்டு வாங்கலாம்.

கனடியக் குடியுரிமை உள்ளவர் வேறு நாட்டில் இருந்துகொண்டே மனைவியை ஸ்பொன்சர் செய்யலாம். மனைவி போகும்போது தானும் திரும்பிப் போய் வாழ்வார் என்று காட்டினால் போதும். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர் கனடாவிலேயே வசித்துக்கொண்டு இருக்க வேண்டும். இருவரும் 18 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். மாற்றுத்திறன் காரணமாக அல்லாமல் அரச உதவிப் பணம் எடுப்பவரால் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மாப்பிள்ளை முந்திய ஒரு திருமணத்தில் மனைவியால் கூப்பிடப்பட்டுப் போனவர் என்றால், அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து 5 வருடம் முடியும்வரை இன்னொருவரைக் கூப்பிட முடியாது. அவர் முந்திய மனைவியைக் கூப்பிட்டிருந்தால் அந்த 3 வருடப் பொறுப்பு முடியும்வரை புதிய ஸ்பொன்சர் ஏற்கப்படாது. "முதல் கலியாணம் பேப்பரிலை மட்டும்தான்" என்ற கதை கேட்டால் இந்த இரண்டு திகதிகளையும் எழுத்தில் கேளுங்கள்.

இனி, மிகப் பெரிய பொறி. படிக்கப் போன ஒரு பெடியன் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான். இடையில் ஊருக்கு வந்து எழுத்து வைக்கிறான். விண்ணப்பத்தில் "மணமாகாதவர்" என்று கிடப்பதை மாற்றவில்லை. மாற்றினால் தாமதமாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைத்துவிடுகிறது. பிறகு மனைவிக்கு ஸ்பொன்சர் போட்டால், கனடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் விதி குறுக்கே நிற்கும்: பி.ஆர். எடுக்கும்போது அறிவிக்காமல் விட்ட துணையைப் பிறகு குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது. 2019 செப்டெம்பரில் வந்த தற்காலிகக் கொள்கை ஒன்று சிலருக்கு விலக்குக் கொடுத்தது. எல்லாருக்கும் அது பொருந்தாது. அதை நம்பித் திருமணம் செய்யக் கூடாது. செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: எழுத்து வைத்த உடனே, பி.ஆர். கையில் வர முன்னர், குடிவரவுத் திணைக்களத்துக்கு இணையவழிப் படிவத்தில் அறிவித்து, திருமணச் சான்றிதழையும் மனைவியின் விபரத்தையும் சேர்ப்பது. மனைவி உடன் போகாவிட்டாலும் அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இதனால் சில மாதம் பிந்தலாம். பிந்தட்டும்.

அகதி அந்தஸ்து வழியாக பி.ஆர். எடுத்து இன்னும் குடியுரிமை பெறாதவருக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அதில் ஊருக்கு வந்து தாலி கட்டினால், "உங்களுக்கு அங்கே ஆபத்து இல்லை" என்று அகதி அந்தஸ்தை நிறுத்தக் கனடிய அரசு வழக்குப் போடலாம். 2012 டிசெம்பர் முதல் அப்படி நிறுத்தப்பட்டால் பி.ஆர். உம் சேர்ந்தே போய்விடும். இவர்கள் குடியுரிமை கிடைக்கும்வரை பொறுப்பதே நல்லது. இல்லையேல் மூன்றாம் நாட்டில், இலங்கைக் கடவுச்சீட்டைத் தொடாமல், சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுத் திருமணம் செய்யலாம். அகதியாக ஏற்கப்படும் முன்னரே திருமணமானவர்களுக்கு ஸ்பொன்சர் தேவையே இல்லை. அவர்கள் பி.ஆர். விண்ணப்பத்திலேயே ஊரிலுள்ள மனைவி பிள்ளைகளைச் சேர்த்துப் போடலாம். இது தெரியாமல் தனியாக ஸ்பொன்சர் போடக் காத்திருந்து காலத்தை விட்டவர்கள் நிறையப் பேர்.

எழுத்து

கோயிலில் தாலி கட்டுவது உங்கள் திருமணம். கோவைக்குள் போவது பதிவுத் திருமணச் சான்றிதழ். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். எழுத்து முன்னும் கலியாணம் பின்னுமாக நடக்கலாம். முன்னும் பின்னுமானால் இரண்டு திகதியையும் எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். எழுத்து முடிந்து எட்டு மாதம் கழித்துக் கலியாணம் செய்த ஒருவர் "திருமணத் திகதி" என்ற இடத்தில் கணவனின் படிவத்தில் ஒன்றும் மனைவியின் படிவத்தில் இன்னொன்றும் எழுதினால், அதிகாரிக்கு அது சந்தேகமாகத்தான் படும். சட்டப்படி திருமணத் திகதி எழுத்து வைத்த திகதி. கலியாணத்தை "சடங்கு" என்று தனியே குறிப்பிடுங்கள்.

பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தில் (1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்) அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பதிவுப் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவித்தல் பதிவாகி 12 நாள் கழிந்த பிறகே பதிவாளர் சான்று தருவார். அவசரத்துக்கு விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். மூன்று கிழமை லீவில் வருபவருக்கு இந்தக் கணக்கு இறுக்கமானது.

மாப்பிள்ளை வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர் என்றால் கணக்கு இன்னும் இறுகும். 2022 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவரை இலங்கையில் மணம் முடிக்கப் பாதுகாப்பு அனுமதி அறிக்கை கேட்கும் நடைமுறை வந்தது. பதிவும் சாதாரணப் பதிவாளரிடம் அல்லாமல் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நடக்க வேண்டும் என்றானது. உரும்பிராயில் பிறந்து உரும்பிராயில் படித்தவராக இருந்தாலும், இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் கனடியக் குடிமகனாகிவிட்டால் பதிவேட்டில் அவர் வெளிநாட்டவர்தான். மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முன்னர் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் இப்போது என்னென்ன பத்திரம் கேட்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர் வாழும் நாட்டிலிருந்து மணமாகாதவர் என்ற சான்றிதழ் எடுக்கவும் அனுமதி வந்து சேரவும் மாதக்கணக்காகலாம்.

விவாகரத்தானவர்களுக்கு: இலங்கை நீதிமன்றத்தில் முதல் தீர்ப்பு வந்ததும் விவாகரத்து முடிந்துவிடுவதில்லை. 3 மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாக வேண்டும். அந்த இடைவெளியில் வைத்த எழுத்து செல்லாது. அப்படியொரு எழுத்தின் மேல் கட்டிய ஸ்பொன்சரும் செல்லாது.

எழுத்தன்று கையெழுத்துப் போடும் முன்னர் ஐந்து நிமிடம் எடுங்கள். படம் எடுப்பவர் அவசரப்படுத்துவார், சொந்தக்காரர் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார், விட்டுக்கொடுக்க வேண்டாம். பதிவேட்டில் இருவரின் முழுப்பெயர், வயது, விவாக நிலை, தொழில், வதிவிடம், தகப்பனாரின் பெயர் என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்து வாசியுங்கள். "விவாகரத்தானவர்" என்று வர வேண்டிய இடத்தில் "மணமாகாதவர்" என்று எழுதினால் அது தட்டெழுத்துப் பிழையாகப் பார்க்கப்படாது, பொய்யாகப் பார்க்கப்படும். பிறகு திருத்துவதற்குச் சத்தியக் கடதாசியும் மாவட்டப் பதிவாளரும் அலைச்சலும் வேண்டும்.

தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பிரதிநிதி வைத்தோ செய்யும் திருமணத்தைக் கனடா 2015 ஜூன் 11 முதல் ஏற்பதில்லை. எழுத்து வைக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்தே ஆக வேண்டும்.

அவர் ஊருக்கு வர முடியாமல் இந்தியாவில் திருமணம் செய்வோருக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சியிலோ சென்னையிலோ கோயிலில் தாலி கட்டிக் கோயில் ரசீதோடு திரும்பினால் அது பதிவு ஆகாது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் திருமணத்தை 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியில் போனால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் இருந்திருக்க வேண்டும், அறிவித்தலுக்கு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை உல்லாசப் பயண விசாவில் இது நடவாது. போகும் முன்னர் அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் இருவரின் கடவுச்சீட்டையும் காட்டி விசாரிக்க ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள்.

பெயரும் பத்திரமும்

யாழ்ப்பாணத்துக் கோவைகளில் ஆகக்கூடச் சிக்குவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, க.பொ.த. சான்றிதழில் மூன்றாவது. தகப்பனார் ஒன்றில் "சிவகுமார்", இன்னொன்றில் "சிவகுமாரன்". வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்று வேறு ஆட்கள்.

கடவுச்சீட்டை அடிப்படையாக வையுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, இதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் சத்தியப்பிரமாணம் செய்தவராக இருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த தம்பி எழுதியது ஏற்கப்படாது. மாறாத வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு கணவன் பெயரைக் கடவுச்சீட்டில் சேர்ப்பதானால் விண்ணப்பம் போட முன்னரே சேருங்கள். விண்ணப்பம் பாதி வழியில் இருக்கும்போது கடவுச்சீட்டு இலக்கமும் பெயரும் மாறுவது தேவையில்லாத தலையிடி.

கடவுச்சீட்டுக்கு முன்னர் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் கொன்சியூலர் பிராந்திய அலுவலகமும் அதே கச்சேரி வளவில்தான். காலையில் போனால் இரண்டு அலுவலையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். இவை ஆகப் பிந்தி வரும் பத்திரங்கள், ஆகவே முதலில் தொடங்க வேண்டியவையும் இவைதான்.

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இலங்கைப் பொலிஸ் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். கனடாவுக்கு, கடந்த 10 வருடத்தில் 18 வயதுக்குப் பிறகு தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும். கட்டாரிலோ டுபாயிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றிதழுக்குத்தான் அலைகிறார்கள்.

கனடா: படிவங்கள் உண்மையில் என்ன கேட்கின்றன

கட்டணம் 2024 ஏப்ரல் 30 இல் ஸ்பொன்சருக்கு 85, விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575 என மொத்தம் 1,205 கனடிய டொலர் ஆக்கப்பட்டது. கைரேகைக்கு 85 தனி. இருவருக்கு மட்டுமான விண்ணப்பத்தில் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. ஆனாலும் வேலைக் கடிதமும் வரிக் கணக்கும் இணைப்பது நல்லது. கியூபெக்கில் வாழ்பவருக்கு மாகாண அரசின் தனி ஒப்புதலும் வேண்டும். அங்கே காத்திருப்பு மற்ற மாகாணங்களைவிட வெகு நீளம்.

கணவன் நிரப்புவது ஐ.எம்.எம். 1344 இலக்கப் படிவம். மனைவிக்கு ஐ.எம்.எம். 0008, 5669, 5406. இருவரும் சேர்ந்து நிரப்பும் 5532 தான் கோவையின் உயிர். யார் அறிமுகம் செய்தது, முதலில் நேரில் சந்தித்தது எப்போது, எங்கே, நிச்சயம் நடந்ததா, சடங்கில் எத்தனை பேர், யார் யார் வந்தார்கள், திருமணத்துக்குப் பிறகு எங்கே எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள் என்றெல்லாம் அது கேட்கும். பேச்சுத் திருமணம் என்பது குறை அல்ல. தரகர் கொண்டுவந்த குறிப்பு, பொருத்தம் பார்த்த தாள், பொன்னுருக்கல், மாலை மாற்றல், நாலாம் சடங்கு என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் நம் முறை தெரிந்த அதிகாரி புரிந்துகொள்வார். அதை மறைத்து "முகநூலில் காதலித்தோம்" என்று ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுத்த கதைதான் நேர்முகத்தில் உடைகிறது.

அதிகாரியின் கண்ணில் படுபவை இவை: நம் ஊரில் முந்நூறு பேர் வரும் சடங்குக்குப் பதினைந்து பேர் மட்டும் வந்திருப்பது, மாப்பிள்ளையின் தாய் தகப்பன் படத்தில் இல்லாதது, திருமணம் முடிந்து மூன்றாம் நாள் அவர் விமானம் ஏறியது, வயது வித்தியாசம், முந்திய விவாகரத்து முடிந்து சில மாதத்தில் அடுத்த எழுத்து. இவற்றுக்கு உண்மையான காரணம் இருக்கும்: செத்தவீடு, லீவு கிடைக்காமை, தகப்பனுக்குச் சுகயீனம். அவர்கள் கேட்கும்வரை இருக்காமல் ஒரு பக்கக் கடிதத்தில் காரணத்தை நீங்களே எழுதி, மரணச் சான்றிதழையோ மருத்துவக் குறிப்பையோ இணையுங்கள்.

படங்கள் 20க்கு மேல் கேட்பதில்லை. இருபதையும் மண்டப மேடையில் எடுத்ததாக வைக்காதீர்கள். எழுத்தன்று ஒன்று, சடங்கில் சில, இரு வீட்டாரோடு, பிறகு நல்லூரிலோ கசூரினாவிலோ சாதாரண உடுப்பில், அடுத்த வருகையில் எடுத்தவை என்று காலம் பரந்திருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை. வட்ஸ்அப் உரையாடல் 10 பக்கம் போதும். மாதத்துக்கு ஒரு பக்கம் எடுங்கள். அதில் அரிசி விலையும் மாமியின் சீனி வருத்தமும் இருந்தால் நல்லது, அதுதான் குடும்பம். காசு அனுப்பிய தடயமும் வேண்டும். வங்கி வழியல்லாமல் உண்டியலில் வரும் காசுக்குத் தாள் இல்லை. மாதம் பத்தாயிரம் ரூபாவானாலும் மனைவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

5669 இல் 10 வருட வரலாறு இடைவெளி இல்லாமல் வர வேண்டும். வேலை இல்லாத மாதத்தையும் "வீட்டில்" என்று எழுதுங்கள். வேறெந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால், அது பத்து வருடத்துக்கு முந்தியதானாலும், சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் 5 வருடத் தடை. மறுக்கப்பட்டது மட்டும் தடைக்குக் காரணம் ஆகாது.

அந்தப் படிவத்தில் இயக்க உறுப்புரிமை பற்றிய கேள்வியும் இருக்கிறது. வன்னியில் இருந்தவர்கள், கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்கள் இதை ஏஜென்சியிடம் விடக் கூடாது. விடுதலைப் புலிகள் 2006 முதல் கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. "ஆம்" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் பாரதூரமான விளைவுகள் உண்டு. கனடாவில் சட்டத்தரணிச் சங்கத்தில் பதிந்த குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழுதையும் சொல்லி, ஆலோசனை பெற்ற பிறகே எழுதுங்கள். செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

காசு வாங்கி விண்ணப்பம் நிரப்பித் தருபவர் கனடாவில் அனுமதி பெற்ற சட்டத்தரணியாகவோ ஆலோசகராகவோ இருக்க வேண்டும், அவர் பெயர் ஐ.எம்.எம். 5476 இல் வர வேண்டும். "என்ரை பேர் போடத் தேவையில்லை" என்று சொல்பவரிடம் கோவையைக் கொடுக்காதீர்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும். கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாள்தான் தவணை, மருத்துவப் பரிசோதனைக் கடிதத்துக்கும் அப்படியே. ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலுக்கு வந்து வாசிக்காமல் கிடந்த கடிதத்தால் தவணை போன கோவைகள் உண்டு.

பிரித்தானியா

இங்கே எல்லாம் காசுக் கணக்கு. 2024 ஏப்ரல் 11 முதல் அங்கிருப்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண் ஆக இருக்க வேண்டும், முன்னர் 18,600. யாழ்ப்பாணத்தில் மனைவி உழைப்பது கணக்கில் வராது. ஒரே முதலாளியிடம் 6 மாதம் வேலை, 6 மாதச் சம்பளத் தாள், அதே தொகை வங்கியில் விழுந்த பதிவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ பாதியைக் கையில் காசாக வாங்குபவருக்கு அந்தப் பாதி இல்லாத காசுதான். ஆகவே திருமணம் பேசும்போதே முழுச் சம்பளத்தையும் வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் கடைசித் தாள் 28 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 பவுண், 6 மாதம் அசையாமல்.

மனைவிக்கு ஏ1 (ஆரம்ப) தர ஆங்கிலப் பேச்சும் கேட்டலும் வேண்டும். பிரித்தானிய உள்துறை ஏற்கும் பரீட்சையாக இருக்க வேண்டும், சாதாரண ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்ல. காசநோய்ப் பரிசோதனை கொழும்பில் ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில், சான்றிதழ் 6 மாதம் செல்லும், ஆகவே அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதற்குக் காத்திருக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண் ஆக்கப்பட்டது. சுகாதார வரி வருடத்துக்கு 1,035, முதல் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண் ஆகிறது. அகதி அந்தஸ்து உள்ளவர் இந்த வருமான எல்லை இல்லாமல் மனைவியைக் கூப்பிடும் வழி 2025 செப்டெம்பர் 4 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு நிறுத்தப்பட்டது. பழைய அனுபவத்தை வைத்து யாராவது ஆலோசனை சொன்னால் அந்தத் திகதியை நினைவில் வையுங்கள்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள்

சுவிஸில் தவணைதான் ஆபத்து. திருமணம் அல்லது வதிவிட அனுமதி, எது பிந்தியதோ அதிலிருந்து 5 வருடத்துக்குள் துணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 12 மாதம். "வீடு ஒன்று பெரிசா எடுத்துப்போட்டுக் கூப்பிடுவம்" என்று இருந்து தவணை கடந்தால் பிறகு வலுவான குடும்பக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். போதிய வீடு, சமூக உதவிப் பணம் எடுக்காமை, அந்தந்தப் பகுதி மொழியில் ஏ1 பேச்சு அல்லது வகுப்பில் சேர்ந்த அத்தாட்சி கேட்பார்கள். மாப்பிள்ளை இருப்பது சூரிச்சா லவுசானா என்று பார்த்துவிட்டு ஜேர்மனோ பிரெஞ்சோ படியுங்கள். எவ் அனுமதி (தற்காலிகமாக ஏற்கப்பட்டவருக்குக் கொடுப்பது) உள்ளவருக்கு விதிகள் வேறு, காத்திருப்பும் உண்டு.

ஜேர்மனிக்கு ஏ1 ஜேர்மன் சான்றிதழ். கொழும்பு கோதே நிலையத்தில் பரீட்சை. புத்தகத்தைப் பாடமாக்கி இதில் தப்ப முடியாது, பேச்சும் சோதிப்பார்கள். நாளாந்தம் படித்தாலும் மூன்று நாலு மாதம் வையுங்கள்.

பிரான்சில் வதிவிட அட்டை உள்ளவர் 18 மாதச் சட்டபூர்வ வதிவிடத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். முந்திய 12 மாதச் சராசரி வருமானம் சட்டப்படியான அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. பரிஸ் பகுதியில் இருவருக்கு 22 சதுர மீற்றர் வீடு வேண்டும். லாச்சப்பல் பக்கம் நாலு பேரோடு அறை பகிர்பவர் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவருக்கு, அகதிக் கோரிக்கைக்கு முன்னரே திருமணம் நடந்திருந்தால் வருமானமும் வீடும் கேட்கப்படாது. பிரெஞ்சுக் குடிமகன் ஊரில் எழுத்து வைப்பதானால் திருமணத்துக்கு முன் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். டென்மார்க்கும் நோர்வேயும் இருவருக்கும் 24 வயது கேட்கின்றன.

ஐரோப்பியத் தூதரகங்கள் சில தங்கள் சட்டத்தரணி மூலம் ஊரில் விசாரிப்பதுண்டு. விதானையாரிடமும் அயலிலும் கேட்பார்கள். அயலவர்களுக்குத் திருமணம் தெரிந்திருக்கட்டும்.

பிரிந்திருக்கும் காலம்

விண்ணப்பம் போட்ட பிறகு அவர் ஒருதரமாவது வந்து போனால் அது குடும்பத்துக்கும் கோவைக்கும் நல்லது. கனடாவுக்கு ஸ்பொன்சர் நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பொன்சர் போட்ட அத்தாட்சியை மறைக்காமல் இணையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்து சட்டபூர்வமாக இருப்பவர் திறந்த வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்க முடியும்.

பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் உடனே அறிவியுங்கள். தகப்பன் பி.ஆர். மட்டும் உள்ளவர் என்றால் பிள்ளையை அதே விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். பிள்ளை பிறக்கும்போது அவர் கனடாவில் குடியுரிமை பெற்றவராகிவிட்டால் பிள்ளை பிறப்பிலேயே கனடியப் பிரஜை. குடியுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஸ்பொன்சர் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல்: யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியையோ சீதன வீட்டையோ விற்க, ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. கணவன் ரொறன்ரோவில் இருக்கும்போது அவசரத்துக்குக் காணி அலுவல் வந்தால் கையெழுத்துக்கு அலைய நேரும். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் ஒன்றை ஊருக்கு வரும்போதே ஆயத்தம் செய்து வையுங்கள். எதற்கு என்று குறித்த வரையறை அதில் இருக்கட்டும்.

ஊரில் காத்திருக்கும் பெண்ணுக்கு நேராகச் சில சொற்கள். கடவுச்சீட்டு, சான்றிதழ்களின் மூலப்பிரதி உங்கள் அலுமாரியில் இருக்கட்டும், மாமியாரின் அலுமாரியில் அல்ல. விண்ணப்ப இலக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். செய்துகொண்டிருக்கும் வேலையையோ படிப்பையோ "எப்பிடியும் போகத்தானே" என்று விடாதீர்கள். சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கும் பி.ஆர். கனடாவில் 2017 ஏப்ரலில் ஒழிக்கப்பட்டது, நீங்கள் போய் இறங்கிய பிறகு "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று யாரும் மிரட்ட முடியாது. ஸ்பொன்சரைத் திரும்பப் பெறுவது நீங்கள் பி.ஆர். ஆகும்வரைதான் அவர் கையில். வீட்டில் அடி உதை என்றால் 911. வதிவிடம் போகும் என்று பயந்து பொறுக்க வேண்டாம்.

மறுப்பு வந்தால்

கடிதத்தின் திகதியை முதலில் பாருங்கள். கனடாவில் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். பிரித்தானியாவில், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு 28 நாள். ஜேர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. வழக்குத்தான் வழி, அதற்கு ஒரு மாதம்.

கனடாவில் அதிகாரி எழுதிய குறிப்புகளை 5 டொலர் கட்டி எடுக்கலாம். மறுப்புக் கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கும். எந்தப் பதில் நம்பப்படவில்லை என்பது அந்தக் குறிப்பில்தான் தெரியும். அதைப் பார்க்காமல் அதே கோவையை மறுபடி அனுப்பினால் அதே முடிவுதான் வரும்.

விசா கையில் வந்த பிறகு

நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தில் ஒரு கடைசித் திகதி இருக்கும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும், கடவுச்சீட்டு அதற்கு முன் முடிந்தால் அந்தத் திகதி. நாள் பார்ப்பது அதற்குள் இருக்கட்டும். பத்திரத்தில் பெயரும் பிறந்த திகதியும் விவாக நிலையும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் கையெழுத்துப் போடாமல், பறக்காமல், திருத்தக் கேளுங்கள்.

தாலிக்கொடி உட்பட நகைகளைப் படமெடுத்துப் பெறுமதியோடு பட்டியல் எழுதுங்கள். கனடாவில் முதல்முறை இறங்கும்போது கொண்டுபோவது ஒரு பட்டியல், பிறகு வரப்போவது இன்னொரு பட்டியல். சுங்கத்தில் காட்டிப் பதிந்தால் பின்னர் கொண்டுபோகும் நகைக்கும் சாமானுக்கும் வரிப் பிரச்சினை இல்லை. 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ காசு கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும்.

கைப்பையில் வைக்க வேண்டியவை: திருமண, பிறப்புச் சான்றிதழ்களின் மூலமும் மொழிபெயர்ப்பும், பள்ளிக்கூட, பல்கலைக்கழகப் பெறுபேறுகள், வேலை அனுபவக் கடிதம், தடுப்பூசி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், நீங்கள் குடிக்கும் மருந்துக்கு வைத்தியரின் ஆங்கிலத் துண்டு. பெரிய பெட்டியில் போட்டால் பெட்டி பிந்தி வரும் நாளில் குடிவரவு மேசையில் வெறுங்கையோடு நிற்க நேரும்.